காலையில் எழுதிக் கொடுத்த கடிதம்

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு ஆண்டுகளாக ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டாக (வென்டிலேட்டர் போன்ற சுவாசக் கருவிகளைக் கவனிப்பவராக) பணிபுரிகிறேன். இரவில் இரண்டு ஐ.சி.யூ.க்களுக்கும் நான் ஒருத்திதான். சென்ற மாதம் ஒரு நாள், கீழ்த்தளத்தில் கோட் புளூ (இதயத்துடிப்போ மூச்சோ நின்ற நோயாளிக்கான அவசர) அழைப்புக்குச் சென்றிருந்தபோது, மேல்தளத்தில் ஒரு நோயாளியின் வென்டிலேட்டர் குழாய் கழன்று அவர் இறந்துவிட்டார். காலையில் நிர்வாகத்தினர் சொல்லச் சொல்ல, "என் கவனக்குறைவால் நேர்ந்தது" என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது ராஜினாமா கேட்கிறார்கள். கூடுதல் நேர ஊதியமும் இரவுப் படியும் தந்ததில்லை. உடனிருந்த செவிலியரே எனக்கு எதிராகப் பேசுகிறார். மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம், ஆனால் இப்போது தொடர வேண்டாம். செவிலியர் என்ன பேசினார், யார் உங்களை அவமதித்தார் என்பவற்றால் நீதிமன்றத்தில் பயன் இல்லை. ஊதிய நிலுவைக்கு தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறையை அணுகும் வழி உங்களுக்குத் தெரிந்ததே. அது சில வாரங்கள் காத்திருக்கும். உங்கள் பிரச்சினை அந்தக் கடிதத்தில் உள்ள "என் கவனக்குறைவால்" என்ற சொற்கள்தான்.

காவல்துறையிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் மருத்துவமனை நிர்வாகம் காவல்துறை அன்று. அதற்கு எழுதிக் கொடுத்ததை உங்களுக்கு எதிரான சாட்சியமாக முன்வைக்க முடியும். நோயாளியின் குடும்பம் புகார் கொடுத்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது பற்றிய 106(1) பிரிவில் வழக்குப் பதிவாகலாம். அங்கே உங்கள் துறையினர் பலர் கவனிக்காத ஒரு வேறுபாடு இருக்கிறது: மருத்துவ சிகிச்சையின்போது பதிவு பெற்ற மருத்துவரின் கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை; மற்றவர்களுக்கு 5 ஆண்டு வரை. அந்தச் சலுகை மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே என்று சட்டமே விளக்குவதால், அதே படுக்கையருகே நின்ற டியூட்டி டாக்டரைவிட உங்கள் நிலை கடுமையானது.

ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005), மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்க வேண்டுமென்றால் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதுவும் நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது என்ற புகாரில் எழுந்த வழக்குதான். அதே அளவுகோலை உங்களுக்கும் கோரி வாதிடலாம். ஆனால் கவனக்குறைவு என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கும்போது அந்த வாதம் பாதி வலுவை இழந்துவிடும்.

நல்லவேளையாக, ஒப்புக்கொண்டது எல்லாம் முடிந்த முடிவு அன்று. அது எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்று விளக்க இடமுண்டு. தாமதிக்கத் தாமதிக்க அந்த விளக்கத்தை யாரும் நம்ப மாட்டார்கள். எனவே இந்த வாரமே, யாரையும் குற்றம் சாட்டாமல், கோட் புளூ அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, யார் அழைத்தார், அப்போது மேல்தளத்தில் யார் பொறுப்பில் இருந்தார், முந்தைய கடிதத்தின் வாசகம் யாருடையது என்பவற்றை மட்டும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வென்டிலேட்டரின் அலாரம் பதிவையும் அன்றைய டியூட்டி ரோஸ்டரையும் பாதுகாக்கும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். கருவியின் நினைவகம் நிரம்பினால் பழைய பதிவு அழிந்துவிடும். ஆள் போதாது என்று மேற்பார்வையாளருக்கு எப்போதாவது வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால், அந்தத் தொலைபேசியை மாற்றாதீர்கள். உங்கள் மனக்குறைகளில் வழக்குக்கு உதவக்கூடியது அந்த ஆள் பற்றாக்குறை ஒன்றுதான்.

இந்த நிலையில் இருப்பவர்கள் விழும் குழிகள் இரண்டு. கேஸ் ஷீட்டை (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டை) இரகசியமாகப் படம் எடுத்து, நோயாளியின் அந்தரங்கத்தை மீறியதாகத் தனி நடவடிக்கைக்கு ஆளாகிறார்கள். இன்னும் மோசமானது, மனசாட்சி உறுத்துகிறது என்று இறந்தவரின் வீட்டாருக்கு மன்னிப்புச் செய்தி அனுப்புவது. மனிதத்தன்மையோடு பார்த்தால் அது சரியாகவே தோன்றும். நீதிமன்றத்திலோ அது இரண்டாவது ஒப்புதலாகிவிடும்.

இனி ராஜினாமா. என் கருத்தில், நிர்வாகத்துடன் சமரசமே உங்களுக்கு நல்லது. ஊழியரின் தவறுக்கு இழப்பீட்டுப் பொறுப்பு மருத்துவமனையையும் சேரும். குடும்பத்தினர் நுகர்வோர் ஆணையத்தை அணுக 2 ஆண்டு அவகாசமும் இருக்கிறது. நீங்கள் எதிர்த்தரப்பில் நின்று சாட்சி சொல்வதை நிர்வாகம் விரும்பாது. பேரம் பேச உங்களுக்குள்ள வலிமை அதுவே. ஆனால் வெறும் ராஜினாமா கொடுக்காதீர்கள். முதல் கடிதம் திரும்பப் பெறப்பட்டது, உங்கள் மீது எந்த விசாரணை முடிவும் இல்லை, வழக்கு வந்தால் மருத்துவமனையே வழக்கறிஞரை அமர்த்தும், கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) குறையற்ற அனுபவச் சான்றிதழும் தரப்படும் என்று எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே கொடுங்கள். 5 ஆண்டு கடந்துவிட்டதால் கிராஜுவிட்டி உங்கள் உரிமை. கவனக்குறைவைக் காட்டி அதைப் பிடித்தம் செய்ய வேண்டுமென்றால், அதற்காகவே உங்களைப் பணிநீக்கம் செய்திருக்க வேண்டும், மருத்துவமனையின் உடைமைக்கும் இழப்பு நேர்ந்திருக்க வேண்டும்.

இந்த ஒப்பந்தம் காவல்துறையையோ குடும்பத்தையோ கட்டுப்படுத்தாது. பாதிக்கப்பட்ட தரப்போடு சமரசம் செய்து வழக்கை முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 106-ஆம் பிரிவு இல்லை. ஆகவே நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால், அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் முன், குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடம் இரண்டு கடிதங்களின் நகலையும் கொடுத்துவிடுங்கள்.