வானராக்கினியின் பணியாரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன் நான். இரண்டு வருடங்களாக வேறொரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மாதா சுரூபம் இருக்கிறது. அப்பா இறந்த வருடம் அம்மா வாங்கி வைத்தது. தினமும் மெழுகுவர்த்தி ஏற்றி அதன்முன் ஜெபமாலை சொல்கிறார். யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம் இதைத் தெளிவாகத் தடுக்கிறது. கிதியோன் தன் தகப்பனுடைய பலிபீடத்தையே, பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கானதை, இடித்தான். அடுத்த மாதம் அம்மா வேளாங்கண்ணிக்குப் போகும்போது சுரூபத்தை அகற்றிவிடலாம் என்றிருக்கிறேன். இரண்டு சந்தேகங்கள். உருவம் கூடாதென்றால் உடன்படிக்கைப் பெட்டியின்மேல் கேருபீன்கள் என்ற சிறகுள்ள பொன் உருவங்கள் எப்படி வந்தன? இஸ்ரவேலர்களும் விக்கிரகம் வைத்திருந்தார்கள் என்று தொல்லியலாளர்கள் சொல்வது உண்மையா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

கேருபீன்களை யாரும் வணங்கவில்லை, அவை இறைவனின் இருக்கையைச் சார்ந்தவை என்பதுதான் வழக்கமான விடை. எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாதென்றால் எந்த உரைநூலிலும் பக்கம் பக்கமாகக் கிடைக்கும்.

இரண்டாவது கேள்விக்கு, ஆம். கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறிய களிமண் பெண் உருவங்கள் யூதா நாடெங்கும் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. இரு கைகளாலும் மார்பைத் தாங்கி நிற்பவை. எருசலேமின் சாதாரண வீடுகளிலும் அவை இருந்தன. சினாய்ப் பாலைவனத்தில் குன்டில்லெட் அஜ்ருத் என்ற இடத்தில் 1975-76-இல் நடந்த அகழாய்வில், இஸ்ரவேலரின் கடவுளை 'சமாரியாவின் யாவே' என்றும், கூடவே 'அவருடைய அஷேரா'வையும் சொல்லி ஆசி கூறும் எழுத்துகள் ஒரு பெரிய ஜாடியில் கிடைத்தன. அஷேரா அங்கே ஒரு தெய்வமா, வழிபாட்டு மரத்தூணா என்று அறிஞர்கள் இன்னமும் வாதிடுகிறார்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்தியது 'அம்மா வேளாங்கண்ணிக்குப் போகும்போது' என்ற வரி. கிதியோனை எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள்? அவன் இரவில்தான் இடித்தான். தகப்பன் வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து பகலில் செய்யவில்லை என்று நியாயாதிபதிகள் ஆகமமே சொல்கிறது. விடிந்ததும் ஊர் திரண்டு, 'உன் மகனை வெளியே கொண்டுவா, அவன் சாகவேண்டும்' என்றது. வாசலில் நின்று அவனைக் காத்தது யார்? எந்தத் தகப்பனுடைய பலிபீடம் இடிபட்டதோ, அதே யோவாஸ். 'பாகால் தெய்வமானால் தனக்காகத் தானே வழக்காடட்டும்' என்றான். உங்கள் அம்மாவும் உங்களுக்காக அப்படி நிற்பார். உங்களுக்கு அது தெரியும், அந்த நம்பிக்கையில்தான் கைவைக்கத் துணிகிறீர்கள். இரண்டு அதிகாரம் தள்ளிப் படியுங்கள். அதே கிதியோன், கொள்ளையில் வந்த 1,700 சேக்கல் எடையுள்ள பொன் கடுக்கன்களை வாங்கி ஓர் ஏபோத்து, அதாவது ஆசாரியர் அணியும் மேலாடை போன்ற ஒன்று, செய்து தன் ஊரில் வைத்தான். இஸ்ரவேல் முழுவதும் அதன் பின்னே போயிற்று. உங்கள் ஜெபக்கூட்டத்தில் அந்தப் பகுதியை வாசித்தார்களா?

நான் சுரூபத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. எங்கள் வீட்டில் சுரூபமே கிடையாது. சுவரில் ஒரு வசனக் காலண்டர் மட்டும் தொங்கும். இந்தத் தடை ஆழமானது என்றே நம்புகிறேன். உபாகமம் 4-ஆம் அதிகாரம் அதற்குக் காரணமும் சொல்கிறது. மலையில் அக்கினியின் நடுவிலிருந்து பேச்சைக் கேட்டீர்கள், ஒரு ரூபத்தையும் காணவில்லை. எனவே உருவம் செய்யாதீர்கள். காதால் பெற்ற மதம் அது.

என் ஆச்சிக்கு எழுத்து தெரியாது. மாலையில் விளக்கு வைத்ததும் நான் பைபிளை வாசிக்க வேண்டும். எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது எரேமியா 7-ஆம் அதிகாரத்துக்கு வந்தோம். வானராக்கினி என்ற பெண் தெய்வத்துக்குப் பணியாரம் சுடுவதற்காகப் பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், தகப்பன்மார் நெருப்பு மூட்டுகிறார்கள், பெண்கள் மாப்பிசைகிறார்கள். கர்த்தர் கோபத்தோடு சொல்லும் வரிகள் அவை. ஆச்சி என்னை நிறுத்தினாள். "பணியாரமா?" என்றாள். மறுபடி வாசிக்கச் சொன்னாள். முறத்தில் பாதி புடைத்த அரிசி அவள் மடியில் அப்படியே இருந்தது. பிறகு கேட்டாள்: "அந்தப் பெண்கள் ஒன்றும் சொல்லவில்லையா?"

எனக்குத் தெரியவில்லை. அந்த அதிகாரத்தில் அவர்கள் பேசவில்லை. நாளுக்கு ஒரு அதிகாரம்தான் வாசிப்போம். 44-ஆம் அதிகாரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆச்சி இறந்துவிட்டாள். அதன்பிறகு பல வருடங்கள் நான் எரேமியாவைத் திறக்கவில்லை. திறந்தபோது, அவள் கேட்ட கேள்விக்கு விடை அங்கே இருந்தது.

கி.மு. 586 வாக்கில் எருசலேம் எரிந்தது. தப்பியவர்கள் எகிப்துக்குப் போனார்கள். எரேமியா தீர்க்கதரிசியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே அவர், அந்நிய தெய்வங்களுக்குத் தூபம் காட்டியதால்தான் இந்த அழிவு என்கிறார். கூட்டம் பதில் சொல்கிறது. வானராக்கினிக்குத் தூபம் காட்டிய நாள்களில் வயிறு நிறையச் சாப்பிட்டோம், ஒரு தீங்கையும் காணவில்லை. நிறுத்திய நாள் முதல் எல்லாம் குறைந்துபோயிற்று, வாளாலும் பஞ்சத்தாலும் அழிகிறோம். அவர்கள் பக்கமிருந்து பாருங்கள். கி.மு. 622 வாக்கில் யோசியா அரசன் ஆலயத்திலிருந்த அஷேராவை வெளியே கொண்டுவந்து எரித்துச் சாம்பலாக்கினான். அந்த நல்ல அரசன் 609-இல் மெகிதோவில் எகிப்தியர் கையில் செத்தான். இருபத்து மூன்று வருடங்களில் நகரமும் போயிற்று. தாங்கள் நிறுத்தியதாக அந்தப் பெண்கள் சொல்வது இந்தச் சீர்திருத்தக் காலத்தைத்தான் என்று பலர் கருதுகிறார்கள். பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

அடுத்த வசனத்தில் அவர்கள் கேட்பதைக் கவனியுங்கள். எங்கள் புருஷர்களுக்குத் தெரியாமலா பணியாரம் சுட்டோம்? அங்கே எபிரேயத்தில் வரும் வினைச்சொல்லைப் பழைய மொழிபெயர்ப்புகள் சில 'அவளை வணங்கும்படி' என்று கொள்கின்றன. 'அவள் உருவம் பதித்து' என்பது இன்றைய மொழிபெயர்ப்பாளர் பலர் கொள்ளும் பொருள். மாவில் செய்த உருவம். சுட்டதும் பிள்ளைகள் அதைத் தின்றிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எரேமியா அவர்களுக்கு இணங்கவில்லை. கடுமையாகச் சபிக்கிறார். அவர் பக்கம்தான் வேதம் நிற்கிறது, நானும் நிற்கிறேன். ஆனாலும் அந்த வேதத்தை எழுதிவைத்தவர்கள் அந்தப் பெண்களின் பேச்சை வெட்டி எறியவில்லை. அவர்கள் சொன்னதை முழுவதும் கேட்டு, ஒரு வரியும் திரிக்காமல் எழுதினார்கள் என்று நான் நம்புகிறேன். ஆச்சி உயிரோடு இருந்திருந்தால் அந்த வசனங்களை எத்தனை தடவை வாசிக்கச் சொல்லியிருப்பாள்!

நீங்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எனக்கு இத்தனை வரிகள் எழுதியிருக்கிறீர்கள், அவர் அதன்முன் என்ன கேட்டு ஜெபிக்கிறார் என்பது அதில் இல்லை. அப்பா இறந்த வருடம் வாங்கியது என்று நீங்களே எழுதிவிட்டு, அதைக் கடந்து யாத்திராகமத்துக்குப் போய்விட்டீர்கள்.

வேளாங்கண்ணிக்கு அவர் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு மாலை, அவர் ஜெபமாலையை முடிக்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள். பிறகு அந்தச் சுரூபத்தை எந்தக் கடையில் வாங்கினார், யார் கூடப் போனார்கள், அன்றைக்கு மனதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை வசனம் எதையும் எடுக்காதீர்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.