அந்தக் கதைகளில் அப்பா எங்கே போனார்?

கேள்வி: என் கணவருக்கு இது இரண்டாவது திருமணம். முதல் மனைவி உடல்நலமில்லாமல் இறந்துவிட்டார். பத்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். என்னோடு நன்றாகத்தான் ஒட்டிக்கொண்டாள். போன மாதம் டிவியில் ஒரு பழைய படம் ஓடியது. அதில் சித்தி பிள்ளையைப் பட்டினி போட்டு அடிக்கிற காட்சி வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ராத்திரி படுக்கும்போது, "நீங்களும் கொஞ்ச நாள் கழிச்சு அப்படி ஆயிடுவீங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பேச்சே வரவில்லை. அதிலிருந்து அவளைக் கண்டிக்கவே பயமாக இருக்கிறது. வீட்டுப்பாடம் செய்யாவிட்டாலும் விட்டுவிடுகிறேன். மாமியாரோ "அம்மான்னு கூப்பிடு" என்று அவளை நெருக்குகிறார். சொந்தக்காரர்கள், "நீ ஒண்ணு பெத்துக்காம இருந்தாத்தான் இவளுக்கு நல்லது" என்கிறார்கள். இந்த மாதிரிப் படங்களை அவள் பார்க்காமல் தடுக்கலாமா? நான் என்ன செய்தால் நல்ல சித்தி என்று பேர் எடுப்பேன்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

படத்தைத் தடுக்காதீர்கள். தடுக்கவும் முடியாது. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் கதையில் இருக்கிறது, நூலகத்துப் படப்புத்தகத்தில் இருக்கிறது, பாட்டி பார்க்கிற சீரியலில் இருக்கிறது, எத்தனையை மறைப்பீர்கள்? நீங்கள் சேனலை மாற்றினால் "சித்தி ஏன் இதை மட்டும் பார்க்கவிட மாட்டேங்கிறாங்க" என்றுதான் அவளுக்குத் தோன்றும். அதைவிட ஒன்றைக் கவனியுங்கள், அவள் அந்தக் கேள்வியை உங்களிடமே கேட்டிருக்கிறாள். உண்மையிலேயே உங்களைப் பார்த்து நடுங்குகிற பிள்ளையாக இருந்தால் பாட்டியிடம் போய் அழுதிருக்கும், இல்லாவிட்டால் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கும். ராத்திரி படுக்கையில் உங்கள் பக்கம் திரும்பிக் கேட்டாள் என்றால், நீங்கள் சொல்கிற பதிலை நம்பத் தயாராக இருக்கிறாள் என்று அர்த்தம். அந்தப் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. சீக்கிரம் சொல்லிவிடுங்கள். "மாட்டேன். சில நாள் எனக்குக் கோபம் வரும், திட்டுவேன், ஆனா உன்னைப் பட்டினி போடமாட்டேன், அடிக்கமாட்டேன். யாராவது உன்னை அப்படிச் செஞ்சா, அது நானா இருந்தாலும், அப்பாகிட்ட சொல்லு." இவ்வளவு போதும். கோபமே வராது என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அடுத்த வாரமே உடைந்துவிடும்.

அப்புறம், அடுத்த முறை அந்த மாதிரிப் படம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். முடிந்ததும் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இவ்வளவு நடக்கும்போது அந்தப் பொண்ணோட அப்பா எங்கே போனார்?"

நான் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. சித்திக் கதைகளை ஊன்றிப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஓட்டை இருப்பது அந்த இடத்தில்தான். சிண்ட்ரெல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1950இல் வந்த டிஸ்னி படத்தில் அப்பா ஆரம்பத்திலேயே இறந்துவிடுகிறார். ஆனால் 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ எழுதிய கதையில் அப்பா உயிரோடு இருக்கிறார்! அதே வீட்டில். மகள் பாத்திரம் தேய்ப்பதும் பரண் அறையில் வைக்கோல் மெத்தையில் படுப்பதும் அவர் இருக்கும்போதே நடக்கிறது. அவளும் அவரிடம் முறையிடுவதில்லை, சொன்னால் தன்னைத்தான் திட்டுவார், அவர் மனைவி சொல்லுக்கு ஆடுகிறவர் என்று அவளுக்குத் தெரியும். ஹான்சல், கிரெட்டல் கதை இன்னும் மோசம். பஞ்ச காலத்தில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வரலாம் என்று யோசனை சொல்வது மனைவி, சரி, ஆனால் கூடவே நடந்துபோய் விட்டுவிட்டு வருகிறவர்களில் அப்பாவும் உண்டு. முதலில் மறுக்கிறார், அப்புறம் இணங்குகிறார், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. கடைசியில் பிள்ளைகள் தப்பி வீட்டுக்கு வரும்போது மனைவி இறந்துபோயிருக்கிறாள், பிள்ளைகள் அப்பா கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள், சுபம். காட்டில் விட்டவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இந்தக் கதையில் இன்னொரு விஷயமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812இல் தங்கள் கதைப் புத்தகத்தின் முதல் பதிப்பு போட்டபோது, காட்டில் விடச் சொன்னவள் சித்தியே இல்லை, அந்தப் பிள்ளைகளைப் பெற்ற அம்மா. ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவளும் அதே பதிப்பில் பெற்ற அம்மாதான். 1819 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டின் அம்மாவைச் சித்தியாக மாற்றினார்கள், 1840 பதிப்பில் ஹான்சலின் அம்மாவையும் மாற்றினார்கள். பெற்றவள் இப்படிச் செய்வாள் என்று பிள்ளைகளுக்குப் படித்துக்காட்ட யாருக்கும் மனசு வரவில்லை, அதனால் பழியைத் தூக்கி, தட்டிக்கேட்க ஆள் இல்லாத ஒருத்தி தலையில் வைத்துவிட்டார்கள். புருனோ பெட்டல்ஹைம் என்ற உளவியலாளர் 1976இல் எழுதிய புத்தகத்தில் இதைப் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்க்கிறார். கொஞ்சுகிற அம்மாவும் கோபத்தில் கத்துகிற அம்மாவும் ஒரே ஆள் என்பதைச் சின்னப் பிள்ளையால் தாங்க முடியாது, அதனால் கத்துகிற பாதியை வேறொருத்தியாக்கி அவள் மேல் பயத்தையும் வெறுப்பையும் கொட்டிக்கொள்கிறது என்கிறார். எனக்கு இந்த விளக்கத்தில் முழு உடன்பாடு கிடையாது, நிஜத்தில் சித்தியிடம் அடிபட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அந்தக் காலத்தில் பிரசவத்தில் பெண்கள் இறப்பதும் ஆண்கள் மறுமணம் செய்வதும் இருக்கிற கொஞ்ச சொத்துக்கு இரண்டு தாரத்துப் பிள்ளைகளும் மோதுவதும் சாதாரணம், அதையெல்லாம் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் உங்கள் மகள் திரையில் பார்த்த அந்தப் பெண்ணுக்குள் பாதி, யாரோ ஒரு பெற்ற தாயின் குற்றமும் ஒரு தகப்பனின் குற்றமும் ஒளிந்திருக்கிறது என்பதை நீங்களாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, நல்ல சித்தி என்று பேர் எடுப்பது. கொடுமைக்காரச் சித்தியைவிட எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். சினிமாவில் கெட்டவளுக்கு எதிராக ஒரு நல்லவளையும் செய்துவைத்திருக்கிறார்கள். அவள் தன் காதலை விட்டுக்கொடுப்பாள், தூக்கத்தை விட்டுக்கொடுப்பாள், தனக்கென்று ஒரு பிள்ளை வேண்டாம் என்பாள், யார் எவ்வளவு திட்டினாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். 1966இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் எடுத்த 'சித்தி'யில் பத்மினி அப்படித்தான் தம்பியின் படிப்புக்காகத் தன் ஆசைகளை மூட்டை கட்டிவிட்டு, மூத்த தாரத்துப் பிள்ளைகள் நிறைந்த ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்படுவார். பத்மினி நடிப்பைப் பார்த்து நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அந்த அளவுகோலை வீட்டுக்குக் கொண்டுவந்தால் யாராலும் எட்ட முடியாது. எட்டினாலும் நம்பமாட்டார்கள்! ஏனென்றால் இன்னொரு கதை இருக்கிறது. 1969இல் கன்னடத்தில் 'மல்லம்மன பவாட', 1987இல் தமிழில் பாக்யராஜின் 'எங்க சின்ன ராசா', 1992இல் இந்தியில் 'பேட்டா' என்று மொழி மாறி மாறி ஓடிய கதை அது. அதில் சித்தி மகனை உருகி உருகி வளர்க்கிறாள், அவ்வளவும் சொத்துக்காகப் போடுகிற வேஷம். ஆக, கடுமையாக இருந்தால் கொடுமை, அன்பாக இருந்தால் நடிப்பு. இந்தப் பரீட்சையில் பாஸ் ஆகவே வழி கிடையாது, அதனால் எழுதப் போகாதீர்கள் என்கிறேன். வீட்டுப்பாடத்தைக் கண்டும் காணாமல் விடுகிறீர்களே, அது இந்தப் பரீட்சைக்குப் படிப்பதுதான். அவளுக்கு அது அன்பாகத் தெரியாது, "என்னைப் பத்தி இவங்களுக்கு அக்கறை இல்லை" என்று தெரியும்.

அப்படியானால் கண்டிப்பது யார்? அப்பா. அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா பேப்பர்நோ பல வருடங்களாக இப்படிப்பட்ட குடும்பங்களோடு வேலை செய்தவர், அவர் திரும்பத் திரும்பச் சொல்வது, புதிதாக வந்தவர் முதலில் பழக வேண்டும், திருத்துகிற வேலையைப் பெற்றவரே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. இப்படி ஒரு குடும்பம் ஒன்றுசேர வேகமாகப் போனாலே நான்கு வருடம் ஆகும், சராசரியாக ஏழு வருடம் என்றும் அவர் சொல்கிறார். கல்யாணப் பாட்டு முடிவதற்குள் பிள்ளை வந்து மடியில் விழுவதெல்லாம் சினிமாவுக்குச் சரி. அதனால் உங்கள் கணவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டுப்பாடம் எப்போது, டிவி எப்போது, படுக்கை எப்போது என்று அவர் மகளிடம் அவர் வாயால் சொல்லட்டும், அதோடு "நான் வர லேட் ஆனா சித்தி இதைப் பார்த்துப்பாங்க, அவங்க சொன்னா நான் சொன்ன மாதிரி" என்பதையும் உங்களை வைத்துக்கொண்டே சொல்லட்டும். அதற்கப்புறம் நீங்கள் "நோட்டை எடு" என்றால் அது வீட்டு வழக்கம், சித்தியின் கெடுபிடி ஆகாது. அவர் "அதெல்லாம் நீயே பார்த்துக்கோ, உன் பொண்ணுதானே" என்று நழுவினால் விடாதீர்கள். கேட்க நல்ல வார்த்தை மாதிரி இருக்கும், ஆனால் கதைகளில் காணாமல் போகிற அப்பா இப்படித்தான் காணாமல் போக ஆரம்பிக்கிறார்.

"அம்மா" என்று கூப்பிடச் சொல்வதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், அதையும் மாமியாரிடம் உங்கள் கணவர்தான் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும். உங்களைப் பிடித்துப்போவதே சில பிள்ளைகளுக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கும், செத்துப்போன அம்மாவுக்குத் துரோகம் செய்கிற மாதிரி. நன்றாகச் சிரித்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் நீங்கள் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைக்காதீர்கள், பல நேரம் காரணம் இதுதான். 1998இல் வந்த 'ஸ்டெப்மாம்' என்ற ஆங்கிலப் படத்தில் எனக்கு மறக்காத ஒரு காட்சி. சாகப்போகிற அம்மாவும் அந்த இடத்துக்கு வரப்போகிறவளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். மகளின் கல்யாணத்தன்று "எங்க அம்மா இல்லையே" என்று அவள் ஏங்குவாளோ என்பது புதியவளின் பயம். ஏங்காமலே போய்விடுவாளோ என்பது அம்மாவின் பயம். இரண்டு பேரும் ஒருத்தர் பயத்தை ஒருத்தர் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் இடம் உண்டாகிறது. உங்கள் வீட்டில் அந்த அம்மா பேச முடியாது, அதனால் அவரைப் பற்றி நீங்கள் பேசுங்கள். "உங்க அம்மா உனக்கு எப்படி ஜடை போடுவாங்க?" என்று கேட்டு, அவள் காட்டித்தருகிற மாதிரியே போட்டுவிடுங்கள். சரியாக வராது, "இப்படி இல்ல, இன்னும் கொஞ்சம் கீழே" என்பாள். பிரித்துவிட்டு மறுபடி பின்னுங்கள்.

சொந்தக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். கைகேயியைச் சித்திக் கொடுமைக்கு உதாரணம் காட்டாத ஆள் இல்லை. ஆனால் கம்பராமாயணத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், ராமனுக்கு முடிசூட்டு என்று கேள்விப்பட்டதும் கைகேயி மகிழ்ந்துபோய், செய்தி கொண்டுவந்த மந்தரைக்கு மாலையைப் பரிசாகக் கொடுக்கிறாள். அவளுக்கு ராமன் வேறு, பரதன் வேறு என்றில்லை. பக்கத்தில் உட்கார்ந்து "உன் பிள்ளை கதி என்ன ஆகும்" என்று ஒருத்தி ஓதின பிறகுதான் எல்லாம் திரும்புகிறது. போர் முடிந்து, மேலுலகத்திலிருந்து வந்த தசரதன் ராமனிடம் என்ன வரம் வேண்டும் என்று கேட்கும்போது, ராமன் கேட்பது, நீங்கள் தீயவள் என்று துறந்த கைகேயியும் பரதனும் மறுபடி எனக்குத் தாயும் தம்பியும் ஆக வேண்டும் என்பதை. கைகேயியை அங்கே அவன் "என் தெய்வம்" என்கிறான். பதினான்கு வருடம் காட்டில் இருந்துவிட்டு வந்தவன்! நாம் கைகேயி என்றதும் வரத்தை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம், இந்த வரத்தை மறந்துவிட்டோம்.

உங்கள் காதிலும் ஓதுகிறார்கள், "பெத்துக்காதே" என்று. நல்லது நினைத்தே சொல்லலாம், ஆனாலும் அது அவர்கள் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் ஆசை, உங்கள் உடம்பு, நீங்களும் உங்கள் கணவரும் எடுக்க வேண்டிய முடிவு. இந்தப் பெண்ணுக்காகத் தியாகம் செய்கிறேன் என்று வேண்டாமென்று வைத்தால், பத்து வருடம் கழித்து அவள் உங்களை எதிர்த்துப் பேசுகிற வயதில் அந்தக் கணக்கு உங்கள் வாயிலிருந்து வந்துவிடும், அதை அவள் கேட்டிருக்கவே இல்லை. வேண்டும் என்று முடிவு செய்தால், உறுதியானதும் மாமியாருக்குச் சொல்வதற்கு முன்னால், சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்கு முன்னால், அவளிடம் சொல்லுங்கள். அப்பாவும் கூட இருக்கட்டும். அவள் சந்தோஷப்பட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், "அப்ப நான்?" என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு அப்பாவே பதில் சொல்லட்டும்.