ஆர்வம் இல்லை என்று யார் சொன்னது?

வணக்கம் மேடம்,

சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பொன்விழா மலருக்கு எங்கள் கூடைப்பந்து அணியின் வரலாற்றை எட்டுப் பக்கத்தில் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கோப்பைகளின் பட்டியலும் பழைய குழுப் படங்களும் கிடைத்துவிட்டன. நடுவில் பல வருடங்கள் அணியே இருந்ததில்லை. விசாரித்தால், அப்போது பெண்களுக்கு ஆர்வம் இல்லை என்கிறார்கள். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விடலாம் என்றிருக்கிறேன். என் சந்தேகம் இதுதான்: அமெரிக்காவில் ஆட்டம் பிறந்த கதையிலிருந்து தொடங்கலாமா, எங்கள் கல்லூரியிலிருந்தே தொடங்கலாமா? தாளாளர், முதல்வர் படங்களை எந்தப் பக்கத்தில் போடுவது? தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

தாளாளர் படத்தை நீங்கள் எந்தப் பக்கத்தில் போட்டாலும் அச்சகத்துக்குப் போவதற்குள் அது முதல் பக்கத்துக்கு வந்துவிடும், அந்தக் கவலையை விடுங்கள். தமிழில் எழுதுங்கள். இதையெல்லாமா ஒருவரைக் கேட்பார்கள்?

அமெரிக்கக் கதைக்கு ஒரு பத்தி போதும். 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடையைக் கட்டித் தொங்கவிட்டதை ஊரில் உள்ள எல்லா மலரும் எழுதிவிட்டது. அதற்குப் பதிலாக செண்டா பெரன்சனை எழுதுங்கள். மறு வருடமே ஸ்மித் கல்லூரியில் பெண்களுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர். ஆனால் மைதானத்தை மூன்றாகப் பிரித்தார், ஒரு பகுதியில் நிற்பவள் அடுத்ததற்குள் கால் வைக்கக்கூடாது, எதிராளி கையிலிருக்கும் பந்தைப் பிடுங்கக்கூடாது. பெண் உடம்பு அவ்வளவு ஓட்டத்தைத் தாங்காது என்று ஊர் நினைத்த காலம். 1896 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் மோதியதுதான் அங்கே இரண்டு கல்லூரிப் பெண்கள் அணிகளுக்கு இடையே நடந்த முதல் ஆட்டம். ஸ்டான்ஃபோர்டு ஜெயித்தது, 2-1. (நான் கல்லூரி அணியில் ஆடிய காலத்தில், தரை முழுக்கச் சேறாக இருந்த நாளில்கூட நாங்கள் அதைவிட அதிகம் போட்டிருக்கிறோம்.)

சரி, நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. அந்த ‘ஆர்வம் இல்லை’ என்ற வரிக்காக. போன மாதம் ஏற்காட்டு வீட்டில் பரண் ஒழிக்கும்போது நான் சேலத்தில் படித்த கல்லூரியின் ஆண்டு மலர் ஒன்று கிடைத்தது, நான் படிப்பை முடித்து வெளியே வந்த பிறகு போட்டது. விளையாட்டு அறிக்கையில் ஒரு வரி: போதிய மாணவியர் முன்வராததால் இவ்வாண்டு கூடைப்பந்து அணி அமைக்கப்படவில்லை. அதைப் படித்த எரிச்சல் அடங்குவதற்குள் உங்கள் கடிதம் வந்து நிற்கிறது, அதே வரியைத் தூக்கிக்கொண்டு.

மிஸிஸிப்பியில் டெல்டா ஸ்டேட் என்று ஒரு சின்னக் கல்லூரி. 1932இல் பெண்கள் அணியைக் கலைத்துவிட்டார்கள், இளம் பெண்களுக்கு இந்த ஆட்டம் ரொம்பக் கடினம் என்று காரணம் சொல்லி. அந்த அணியில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி மார்கரெட் வேட். வேறு ஒன்றும் செய்ய முடியாமல் அந்தப் பெண்கள் அழுதார்கள், போட்டிருந்த சீருடைகளைக் கொளுத்தினார்கள். நாற்பது வருடங்களுக்கு மேல் அங்கே அணி கிடையாது. 1973இல் மறுபடி அணி தொடங்கியபோது அதே மார்கரெட் வேடைத்தான், அறுபது வயது தாண்டிய அம்மாவை, பயிற்சியாளராகக் கூப்பிட்டார்கள். 1975, 76, 77 என்று வரிசையாக மூன்று வருடம் தேசியப் பட்டம் அந்தக் கல்லூரிக்கு. அந்த அணியில் ஆடிய லூசியா ஹாரிஸ்தான் 1976 மாண்ட்ரீயலில், ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதல்முறையாக நடந்தபோது, முதல் கூடையைப் போட்டவர். இப்போது சொல்லுங்கள், நடுவில் போன அந்த நாற்பது வருடமும் அங்கே பெண்களுக்கு ஆர்வம் இல்லாமல் போயிருந்ததா?

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், நீங்கள் வணிகவியல் என்பதால். 1971-72இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் போட்டி விளையாட்டுகளில் இருந்த பெண்கள் மொத்தம் மூன்று லட்சத்துக்கும் குறைவு. 1972இல் சட்டம் வந்தது, அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையம் ஆண் பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்று. 1977-78இல் எண்ணிக்கை இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆறு வருடத்தில் இத்தனை பெண்களுக்கும் ஒரே நேரத்தில் ஆர்வம் முளைத்துவிட்டதா என்ன? மைதானம் திறந்தது, பயிற்சியாளருக்குச் சம்பளம் வந்தது, போட்டிக்குப் போக வண்டி வந்தது, வந்தார்கள். சட்டம் வந்த அதே 1972இல் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் முதல் தேசியப் போட்டியை ஜெயித்த இம்மாகுலேட்டா, கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் கல்லூரி, அங்கே போவதற்கான பயணச் செலவுக்குப் பிள்ளைகள் டூத்பிரஷ் விற்றார்கள். ஆர்வம் இல்லாதவள் டூத்பிரஷ் விற்பாளா அம்மணி?

எங்கள் கல்லூரி அணி எப்படி நின்றுபோனது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன். பி.டி. மேடம் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. பந்து இருந்த அறைச் சாவி அலுவலகத்துக்குப் போனது. அலுவலகம் திறப்பது பத்து மணிக்கு, நாங்கள் ஆடுவது காலை ஆறுக்கு. சாயங்காலம் ஆடலாம் என்றால் ஐந்துக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். இன்டர் காலேஜ் போட்டிக்குப் போக ஓ.டி., அதாவது வகுப்புக்கு வராததை வந்ததாகக் கணக்கிடும் அனுமதி, கேட்டால், பரீட்சை வருகிறது, வீட்டில் கடிதம் வாங்கி வா என்பார்கள். அப்புறம் புதிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள், எங்கள் கம்பம் நின்ற இடத்திலேயே.

எங்கள் அணியில் ஒருத்தி பள்ளப்பட்டிப் பக்கம், வீட்டிலேயே கொலுசுப் பட்டறை. ராத்திரி வெகுநேரம் வரை கண்ணி கோர்த்துவிட்டு, விடியும்போது யாருக்கும் முன்னால் மைதானத்தில் நிற்பாள். விரல் நுனியெல்லாம் கன்றிப்போய்க் கறுத்திருக்கும். எங்கள் ரப்பர் பந்து தேய்ந்து மொழுமொழுவென்று இருக்கும், மற்றவர்களுக்கு வழுக்கும், அவள் கையில் மட்டும் நிற்கும். சுண்ணாம்புக் கோடு மழையில் கரைந்துபோன நாட்களில் ஃப்ரீ த்ரோ கோடு எங்கே என்று அவளைத்தான் கேட்போம். கம்பத்தடியிலிருந்து அடிமேல் அடி வைத்து அளந்து, குதிகாலால் மண்ணைக் கீறிக் காட்டுவாள். எனக்கு ஒரு வருடம் இளையவள். நான் வெளியே வந்த பிறகு கல்லூரியில் மிச்சம் இருந்தவள், அதாவது ‘முன்வராத’ மாணவியரில் அவளும் ஒருத்தி. ரயில்வே அணியில் சேர்ந்தால் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லி, அதை நம்பித்தான் ஆடிக்கொண்டிருந்தாள். கல்லூரிக்கு அணி இல்லை என்றால் அவளை எந்தத் தேர்வாளர் எங்கே வந்து பார்ப்பார்? கடைசி வருடம் முடிவதற்குள் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள். பரணில் கிடைத்த அந்த ஆண்டு மலரை அவள் பார்த்திருக்க மாட்டாள், அதுவும் நல்லதுதான்.

உங்களைத் திட்டுவதுபோல இருக்கிறதா? கொஞ்சம் திட்டத்தான் செய்கிறேன். கோப்பைப் பட்டியலைப் பத்து நிமிடத்தில் யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்துவிடலாம், அதற்கு நீங்கள் வேண்டியதில்லை. உங்களுக்குக் கணக்குப் புத்தகம் படிக்கத் தெரியும், அது எல்லோருக்கும் வராது. விளையாட்டுக் கட்டணம் என்று மாணவியரிடம் வருடாவருடம் வாங்கியிருப்பார்கள், அணி இல்லாத வருடங்களிலும் வாங்கியிருப்பார்கள். அந்தப் பணம் எந்தத் தலைப்பில் செலவானது என்று பேரேட்டில் தேடுங்கள். பி.டி. பணியிடம் எந்த வருடம் காலியானது, எப்போது நிரம்பியது என்று சம்பளப் பதிவேட்டில் இருக்கும், அந்த இரண்டு தேதியையும் உங்கள் இடைவெளிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓய்வு பெற்ற அட்டெண்டர் யாராவது கன்னங்குறிச்சியிலோ கோரிமேட்டிலோ இருப்பார், சாவி யாரிடம் இருந்தது என்று முதல்வருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். அந்த வருடங்களில் படித்தவர்களைக் கண்டுபிடியுங்கள். ஏன் விளையாடவில்லை என்று கேட்காதீர்கள், வெட்கப்பட்டுக்கொண்டு எங்களுக்கு ஆர்வம் இல்லைம்மா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், அந்த அளவுக்குப் பழக்கிவைத்திருக்கிறோம். சாயங்காலம் எத்தனை மணிக்கு கேட் சாத்துவார்கள் என்று கேளுங்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். என்ன உடுத்திக்கொண்டு ஆடினீர்கள், அதை எங்கே மாற்றினீர்கள் என்று கேளுங்கள், அப்புறம் பேச்சை நிறுத்த உங்களால் முடியாது.

எட்டுப் பக்கத்தில் மூன்று பக்கமாவது இதற்குக் கொடுங்கள். நிர்வாகம் வெட்டச் சொன்னால் அந்தப் பக்கங்களை அப்படியே எனக்கு அனுப்புங்கள், இங்கே போடுகிறேன். தாளாளர் படத்தை மட்டும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.