கைட்டோசான் பஞ்சு ஊடகத்தில் கூழாகிவிடுகிறதா?

பாறசாலையில் இருந்து கேட்டிருந்தீர்கள்: இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் இயற்கைப் பாலிமரான கைட்டோசானை 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, உறையவைத்து உலர்த்திய பஞ்சு, செல் வளர்ப்பு ஊடகத்தில் (செல்களுக்கான ஊட்டத் திரவத்தில்) போட்டதுமே வழவழவென்று கரைந்துபோகிறது என்று.

கைட்டோசான் மேல் குறையில்லை. உலர்ந்த பிறகும் அமிலம் உள்ளே அசிடேட் உப்பாக நிற்கிறது. அந்த உப்பு வெறும் தண்ணீரிலேயே கரையும். களியக்காவிளையில் இருந்து ஆய்வகத்துக்குப் போய்வந்த நாட்களில் நானும் இதே கூழைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

பஞ்சை நேராகத் தண்ணீரில் போடாதீர்கள், துளைகள் அமுங்கிவிடும். உள்ளே நிற்கும் அமிலத்தை முறிக்க, எத்தனாலில் கலந்த நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் (காரத்தில்) முதலில் ஊறவையுங்கள். அப்புறம் எத்தனாலின் அளவைப் படிப்படியாகக் குறைத்துக் கழுவுங்கள். ஓரத்தை இடுக்கியால் மெல்ல அழுத்தி, வடியும் சொட்டை பிஹெச் தாளில் தொட்டுப் பாருங்கள். 7 பக்கம் வரும்வரை கழுவத்தான் வேண்டும். இதில் அவசரப்பட்டால் செல்கள் செத்துவிடும்.

துளை சிறிதாக வேண்டுமென்றால் மைனஸ் 20-க்குப் பதில் மைனஸ் 80 டிகிரியில் உறையவையுங்கள். பஞ்சு நீண்ட நாள் தாங்க வேண்டுமா? அசிட்டைல் நீக்கம் (ஓட்டின் கைட்டினில் இருந்து அசிட்டைல் தொகுதிகளை அகற்றுவது) அதிகமான கைட்டோசானை எடுங்கள், லைசோசைம் என்ற நொதி அதை மெதுவாகத்தான் சிதைக்கும்.

கழுவிய பஞ்சு எப்படி நிற்கிறது என்று அவசியம் எழுதுங்கள்.