ஒளியை உறிஞ்சாத மூலக்கூறு ஒளியில் மாறுவது எப்படி?

வெள்ளவத்தையிலிருந்து இரசாயனவியல் மாணவி ஒருவர் கேட்கிறார்: "குவாட்ரிசைக்கிளேன் 405 நனோமீற்றர் ஊதா ஒளியை உறிஞ்சாது. ஆனால் அசற்றோநைத்திரைல் கரைப்பானில் 9,10-டைசயனோஅந்திரசீனைத் துளியளவு சேர்த்து எல்.ஈ.டி. வெளிச்சம் காட்டினால் நோர்போர்னடையீன் ஆகிவிடுகிறது. தொலுயீனில் வெகு மந்தம். கொழும்பு வெக்கைதான் காரணமா?"

வெக்கையை விட்டுவிடுங்கள். 140 பாகை செல்சியசில்கூட குவாட்ரிசைக்கிளேன் பாதியாகக் குறைய 14 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அதே அணுக்கள் வேறு விதமாகப் பிணைந்த நோர்போர்னடையீனைவிட மோலுக்குச் சுமார் 90 கிலோயூல் கூடுதல் சக்தியை அடக்கிக்கொண்டு, இறங்க வழியில்லாமல் குந்தியிருக்கும் மூலக்கூறு அது.

ஒளியை விழுங்குவது டைசயனோஅந்திரசீன். அருட்டப்பட்டதும் அதற்கு இலத்திரன் பசி வந்துவிடும். குவாட்ரிசைக்கிளேனின் இறுக்கமான சிறு வளையங்களோ இலத்திரனை எளிதில் பறிகொடுப்பவை. அதன் ஒட்சியேற்ற அழுத்தம் (இலத்திரனைப் பறிக்கத் தேவையான மின்னழுத்தம்), ஒப்பீட்டுக்கு வைக்கும் கலோமல் மின்வாய்க்கு எதிரே சுமார் 0.9 வோல்ற்றுதான். இலத்திரன் போனதும் பிணைப்புகள் தளர்ந்து, நோர்போர்னடையீன் மூலிகக் கற்றயனாக (இலத்திரன் ஒன்றை இழந்த நேரேற்ற வடிவமாக) விரிகிறது. இனிதான் சுவாரசியம். நோர்போர்னடையீனுக்கு அந்த அழுத்தம் சுமார் 1.5 வோல்ற்று. ஆகவே அதன் கற்றயன் பக்கத்துக் குவாட்ரிசைக்கிளேனிடம் இலத்திரனைப் பிடுங்கிக்கொண்டு தான் நடுநிலையாகிவிடும். பறிகொடுத்த குவாட்ரிசைக்கிளேனும் விரியும், அதுவும் அடுத்ததிடம் பிடுங்கும். இப்படி ஒரு போட்டன் பல மூலக்கூறுகளை மாற்றிவிடலாம்.

தொலுயீன் முனைவு குறைந்த கரைப்பான். அதில் இலத்திரனைப் பெற்ற டைசயனோஅந்திரசீனும் இழந்த கற்றயனும் சேர்ந்த அயன் சோடி பிரிய முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இலத்திரன் பெரும்பாலும் வந்த வழியே திரும்பிவிடும்.

சரி, இதை எப்படி உறுதிசெய்வது? முதலில் இருட்டில் ஒரு குழாய், டைசயனோஅந்திரசீன் இல்லாமல் வெளிச்சத்தில் இன்னொன்று. இருட்டிலும் மாறினால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் உலோக அயனைச் சந்தேகியுங்கள். வெள்ளி அயன் இந்த வேலையை ஒளியே இல்லாமல் செய்யும். அப்புறம் குவாட்ரிசைக்கிளேனைக் கூட்டக்கூட்ட டைசயனோஅந்திரசீனின் ஒளிர்வு மங்குகிறதா என்று பாருங்கள்; மங்கினால் அருட்டிய மூலக்கூறோடு குவாட்ரிசைக்கிளேன் வினைபுரிகிறது என்று கொள்ளலாம். நான் அதிகம் நம்புவது டாப்கோ சோதனையை. டாப்கோ இன்னும் எளிதாக இலத்திரன் கொடுக்கும் அமைன். மிகச் சிறிதளவு போதும், ஒளிர்வு அவ்வளவாகக் குறையாது. ஆனால் கற்றயன்கள் அதனிடம் இலத்திரனை வாங்கி அடங்கிவிட, சங்கிலி அறும். அளவு கூடினால் அருட்டிய மூலக்கூறையே அது அணைத்துவிடும், அப்போது முடிவுக்கு அர்த்தமில்லை.

ஒட்சிசனை அகற்ற நைதரசன் குமிழவிடுவதைக் குவாட்ரிசைக்கிளேன் சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அது 108 பாகையில் கொதிப்பது, விளைபொருளோ 89 பாகையில். பிந்திக் குமிழவிட்டால் இரண்டும் வாயுவோடு பறந்து, ஆய்வுகூடம் முழுக்க நாறும்.