பீலித் தண்ணீரும் 31 என்ற எண்ணும்

அன்புள்ள ஐயா,

நுவரெலியாவுக்குக் கிட்ட, கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் லயங்களில் அறுபது குடும்பம். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் ஒரே பீலி, அதாவது மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் இடம். பீலிக்கு மேலே லீக்ஸும் உருளைக்கிழங்கும் போடுகிறார்கள், அதற்கு மேலே தேயிலை. ஐந்து வருசத்தில் எங்கள் டிவிசனில் மூன்று பேருக்குப் புற்றுநோய். ஒருவருக்கு வாயில், ஓர் அக்காவுக்கு மார்பில், ஒரு தாத்தாவுக்கு இரைப்பையில். நலன்புரிச் சங்கத்தில் காசு சேர்த்துத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். "நைட்ரேட் 31, ஈ.கோலி உண்டு" என்று வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 50, பயமில்லை என்கிறார் ஒருவர். டென்மார்க்கில் 4 தாண்டினாலே குடல் புற்றுநோய் என்று கண்டுபிடித்துவிட்டார்கள் என்று யூடியூப்பில் ஒருவர் சொல்கிறார். வீட்டுக்கு ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்குங்கள் என்று இன்னொருவர் வந்து நிற்கிறார். நாங்கள் காய்ச்சித்தான் குடிக்கிறோம். அது போதாதா? யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு வாசகர், கந்தப்பளை

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்தப் பரிசோதனைத் தாளைத் திரும்ப எடுங்கள். 31க்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றை, அதாவது நீங்கள் நைட்ரேட் என்று எழுதியிருக்கும், உரத்திலிருந்தும் எருவிலிருந்தும் தண்ணீரில் இறங்கும் பொருளை, முழுதாகக் கணக்கிட்டுச் சொல்லும். சில, அதற்குள் இருக்கும் நைதரசனை மட்டும் சொல்லும். பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு ஆங்கில 'என்' எழுத்து இருந்தால் அது இரண்டாவது வகை. அப்படியானால் 4.43ஆல் பெருக்க வேண்டும். 31 என்பது 137 ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை முழு நைத்திரேற்றாக லீற்றருக்கு 50 மில்லிகிராம், நைதரசனாகச் சொன்னால் சுமார் 11. தாளில் அலகு இல்லாவிட்டால் ஆய்வுகூடத்துக்கு ஒரு போன் போடுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் மற்ற வாதம் எல்லாம் வீண்.

முழு நைத்திரேற்றுத்தான் 31 என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

50 என்ற எல்லை புற்றுநோயை நினைத்து வைத்ததல்ல. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை நினைத்து வைத்தது. குழந்தையின் உடம்பில் நைத்திரேற்று, நைத்திரைற்று என்ற வேறொரு சேர்மமாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போய், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1951இல் அமெரிக்காவில் இப்படியான குழந்தைகளின் விவரத்தைத் தொகுத்தபோது, இன்றைய எல்லைக்குக் கீழே இருந்த தண்ணீரில் அந்த நோய் தென்படவில்லை. எல்லை அங்கிருந்துதான் வளர்ந்தது. ஆகவே "50க்குக் கீழே, பயமில்லை" என்று சொன்னவர் கைக்குழந்தை விசயத்தில் சரி. முப்பது வருசம் அதே தண்ணீரைக் குடிக்கும் பெரியவருக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்த எண்ணில் பதில் இல்லை.

யூடியூப்காரர் சொல்லும் ஆராய்ச்சி உண்மையானது. 2018இல் வெளிவந்தது. டென்மார்க்கில் 27 லட்சம் பேரின் வீட்டுத் தண்ணீர்ப் பதிவையும் புற்றுநோய்ப் பதிவையும் 1978 முதல் 2011 வரை இணைத்துப் பார்த்தார்கள். லீற்றருக்கு 3.87 மில்லிகிராமுக்கு மேலே பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் கூடுவது தெரிந்தது. 9.25க்கு மேலே குடித்தவர்களுக்கு, 1.27க்குக் கீழே குடித்தவர்களைவிட 16 சதவீதம் கூட. அந்த 16 சதவீதத்தைத்தான் வீடியோவில் விளக்குவதில்லை. நூறு பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடிய நோய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், அது கிட்டத்தட்ட ஆறாகும். இருபத்தொன்றாகாது. அதோடு, பதிவேடுகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வில் ஒவ்வொருவரும் என்ன சாப்பிட்டார், புகைத்தாரா என்பது தெரியாது. ஒருவருக்குச் சின்ன ஆபத்து, ஊருக்கே குடிக்கக் கொடுத்தால் பெரிய கணக்கு. அரசாங்கம் கவலைப்பட வேண்டிய எண், தனி ஆள் தூக்கம் கெட வேண்டிய எண்ணல்ல என்பது என் கருத்து.

நைத்திரேற்று தானாக எதையும் செய்வதில்லை. குடித்ததில் கால்வாசி அளவு இரத்தத்தின் வழியாக உமிழ்நீருக்குத் திரும்பி வருகிறது. நாக்கில் இருக்கும் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்குகிறது. அது இரைப்பை அமிலத்தில் இறைச்சி, கருவாட்டிலிருந்து வரும் அமைன்களோடு சேர்ந்தால் புற்றுநோயைத் தூண்டக்கூடிய சேர்மங்கள் உண்டாகும். விற்றமின் சி அந்தச் சேர்க்கையைத் தடுக்கும். கீரையில் தண்ணீரைவிட அதிகம் நைத்திரேற்று இருந்தும் கீரை தின்பவருக்குக் கெடுதி காணப்படாததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகமும் இப்படி வயிற்றுக்குள் சேரக்கூடிய நிலையில் உட்கொள்ளும் நைத்திரேற்றைத்தான் "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" என்ற 2ஏ வகுப்பில் வைத்திருக்கிறது. சோற்றோடு ஒரு துண்டு தேசிக்காயும் வல்லாரைச் சம்பலும் வைத்துக்கொள்வது மூடநம்பிக்கை அல்ல.

இனி அந்த மூன்று பேர். வாய், மார்பு, இரைப்பை என்பவை மூன்று வேறு நோய்கள். ஒரே தண்ணீர் ஒரே நேரத்தில் மூன்றையும் கொண்டுவரும் என்று சொல்ல முடியாது. அறுபது குடும்பத்தில், ஐந்து வருசத்தில், மூன்று பேர் என்பது வழமைக்கு மாறான எண்ணும் அல்ல. வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் தேடிப் பீலிக்குப் போக வேண்டாம், மடியில் இருக்கும் வெற்றிலைப் பையைப் பாருங்கள். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. புகையிலை போடாமல் பாக்கு மட்டும் மென்றாலும் முதலாம் வகுப்புக் காரணி, அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று 2004இல் வந்துவிட்டது. நைத்திரேற்று 2ஏ, பாக்கு முதலாம் வகுப்பு. சங்கத்தில் காசு சேர்க்கும் நாளில் ஒரு காரியம் செய்யலாம். எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்லி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே மூன்று விரலை நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். போகாதவரையும், கன்னத்தின் உள்ளே வெள்ளைத் தழும்போ இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ உள்ளவரையும் பல் வைத்தியரிடம் அனுப்புங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

உங்கள் தாளில் அவசரமான சொல் ஈ.கோலி என்ற குடல் பற்றீரியா. 31 அல்ல. 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் மனித மலமோ மாட்டுச் சாணமோ தண்ணீரில் சேர்கிறது என்று பொருள். வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் செங்கமாரியும் அதே வழியில் வரும், அதற்கு முப்பது வருசம் தேவையில்லை.

காய்ச்சுவதைப் பற்றிக் கேட்டீர்கள். கிருமிக்குப் போதும். உங்கள் உயரத்தில் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்ட கொதித்துவிடும். அதுவும் கிருமியைக் கொல்லும். பெரிய குமிழாகப் புரண்டு கொதிக்கத் தொடங்கியதும் மூன்று நிமிடம் விட்டு இறக்கினால் சரி. ஆனால் நைத்திரேற்று ஆவியாகாது. பத்து லீற்றரை அடுப்பில் மறந்து எட்டு லீற்றராக வற்றவிட்டால் 31 கிட்டத்தட்ட 39 ஆகிவிடும். "நல்லா அரைமணித்தியாலம் கொதிக்க வைச்சோம்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் விறகையும் வீணாக்கி, உரத்தையும் செறிவாக்குகிறார்கள். 31 எல்லைக்குக் கீழேதான் என்றாலும், கொதித்து வற்றினால் எண் ஏறும், ஈ.கோலியும் உண்டு என்பதால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு இந்தத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குக் கவலை இல்லை. குளிப்பதிலும் துணி துவைப்பதிலும் பயமில்லை, தோலின் வழியாக இது உடம்பில் ஏறாது.

ஆர்.ஓ., அதாவது தண்ணீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும் மெஷின், நைத்திரேற்றைப் பிடிக்கும், அது உண்மை. மண் வடியும் கரி வடியும் பிடிக்காது. ஆனால் ஆர்.ஓ.வுக்கு அழுத்தம் வேண்டும். மேலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் பல லயங்களில் அதற்குப் போதாது, மின்பம்பு வைக்க வேண்டிவரும். ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்கு மூன்று லீற்றர் வரை கழிவாக வெளியேறும். சவ்வை மாற்ற வருடாவருடம் காசு வேண்டும், மாற்றாத மெஷினின் சேமிப்புத் தொட்டியில் கிருமி வளரும். வடமத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய்க்கு ஆர்.ஓ. வைத்த கதையைச் சொல்லி உங்களிடம் விற்பார்கள். அங்கே கடினத் தண்ணீர், புளோரைட்டு. உங்கள் மலைத் தண்ணீர் மென்மையானது. வியாதியும் வேறு, தண்ணீரும் வேறு.

காசைப் பீலிக்கு மேலே, நைத்திரேற்று இறங்கி வரும் இடத்தில், செலவழியுங்கள். ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. அது முழுவதும் நைத்திரேற்றானால் சுமார் 102 கிலோ. பத்தில் ஒரு பங்கு மட்டும் மழையில் இறங்கினால்கூட இரண்டு லட்சம் லீற்றர் தண்ணீரை 50க்கு ஏற்றப் போதும். மழைக்கு முதல் நாள் உரம் தூவுவது, லீக்ஸ் பாத்தியில் ஒரே தடவையில் கொட்டுவது, லொறியில் வந்த கோழி எருவை ஊற்றுக்கு மேலே திறந்த வெளியில் குவித்து வைப்பது ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் வேலையைக் கெடுக்கும். எருக் குவியலைப் பீலிப் பக்கத்திலிருந்து விலக்கிப் படங்கு போட்டு மூடச் சொல்வதற்கு மரக்கறிக்காரர் சண்டைக்கு வரமாட்டார், எரு கழுவிப் போனால் நட்டம் அவருக்கும்தான். உரச் சாக்கையும் மருந்தடிக்கும் டேங்கியையும் பீலிக்கரையில் கழுவுவதை உடனே நிறுத்துங்கள். மருந்துப் போத்தலை மூன்று தடவை அலசி, அந்த அலசல் தண்ணீரை டேங்கிக்குள்ளேயே ஊற்றி வயலில் அடிக்க வேண்டும். பிறகு போத்தலை ஓட்டை போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அது எண்ணெய்ப் போத்தலாக ஏதோ ஒரு குசினிக்குப் போய்ச் சேரும்.

கிளைபோசேற்று என்ற களைகொல்லியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வேறு மூன்று கடிதங்கள் கேட்டிருக்கின்றன. 2015இல் அதுவும் 2ஏ வகுப்புக்கு வந்தது, இலங்கை தடைசெய்தது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியது. அந்த வகைப்படுத்தலில் மனிதரைப் பற்றிய சான்று பெரும்பாலும் மருந்தைக் கையாண்டு அடித்தவர்களைப் பார்த்து வந்தது. ஓடைத் தண்ணீர் குடித்தவர்களைப் பார்த்து வந்ததல்ல. முதலில் காப்பாற்ற வேண்டியது முதுகில் டேங்கி சுமப்பவரின் கையையும் மூக்கையும்.

ஊற்றுக்கு வருகிறேன். காட்டுப் பக்கம், தேயிலைக்கும் மரக்கறிக்கும் மேலே, வேறு ஒரு ஊற்று இருக்கிறதா? சிறியதாக இருந்தாலும் போதும். அறுபது குடும்பம், வீட்டுக்கு நாலரைப் பேர், ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஐந்து லீற்றர் என்றால் ஒரு நாளைக்கு 1,350 லீற்றர். ஒரு லீற்றர் போத்தல் ஒரு நிமிடத்தில் நிரம்பும் ஊற்று ஒரு நாளில் 1,440 லீற்றர் தரும். பார்த்தால் நூல்போல ஒழுகும், யாரும் மதிக்க மாட்டார்கள். இரவில் வீணாகாமல் ஒரு தொட்டியில் பிடித்தால் லயத்துக்கே போதும். பங்குனி வறட்சியில் போத்தலை வைத்து அளந்து பாருங்கள், ஐப்பசி மழையில் அளந்து ஏமாற வேண்டாம். அது போதாவிட்டால் கலக்கலாம். 2 மில்லிகிராம் உள்ள ஊற்றையும் 31ஐயும் பாதிக்குப் பாதி கலந்தால் 16.5. பழைய பீலி குளிக்கவும் துவைக்கவும் இருக்கட்டும்.

ஊற்றைக் கட்டும்போது பலர் செய்யும் பிழை, தண்ணீர் வெளியே ஓடி வந்த பிறகு பிடிப்பது. அது கல்லிடுக்கிலிருந்தோ களிமண் மேலிருந்தோ கிளம்பும் கண் வரைக்கும் தோண்டிப் போய், அங்கே கழுவிய கல்லை அடுக்கி, அதன் முன்னால் சீமெந்துப் பெட்டி கட்ட வேண்டும். மூடி பூட்டக்கூடியதாக இருக்கட்டும். மிகுதித் தண்ணீர் வழியும் குழாயின் வாயில் கம்பிவலை, இல்லாவிட்டால் தவளையும் எலியும் ஏறும். பெட்டிக்கு எட்டு மீற்றராவது மேலே அரைவட்டமாக ஒரு கான் வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். கானுக்கு மேலே மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ அடர்த்தியாக நட்டால் மண்ணையும் கொஞ்ச உரத்தையும் பிடிக்கும். மலசலகூடக் குழி ஊற்றிலிருந்து 30 மீற்றருக்குக் குறையாமல், அதுவும் பள்ளத்துப் பக்கம் இருக்க வேண்டும். மேட்டில் இருந்தால் 30 மீற்றரும் உதவாது, பாறை வெடிப்பில் தண்ணீர் எங்கே ஓடும் என்று யாருக்குத் தெரியும்.

தொட்டிக்குக் குளோரின் போடுவதென்றால், 1,000 லீற்றருக்கு 30 சதவீதக் குளோரின் உள்ள தூள் சுமார் 7 கிராம். சின்ன அளவு நிறுக்க முடியாவிட்டால் 70 கிராம் நிறுத்துப் பத்தாகப் பிரியுங்கள். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அரைமணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். திறந்து வைத்த பழைய தூளில் வீரியம் இராது. கலங்கல் தண்ணீரில் குளோரின் சேற்றோடு செலவாகிவிடும், உக்கிய இலைகளோடு சேர்ந்தால் வேண்டாத உபசேர்மங்கள் உண்டாகும். அந்த உபசேர்மங்களைக் காரணம் காட்டி குளோரினை நிறுத்திவிடாதீர்கள். இலை விழாமல் தொட்டியை மூடினால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது.

வேலை முடிந்த மறுமாதமே 31 இறங்கவில்லை என்று சலிக்க வேண்டாம். மண்ணுக்குள் பல வருசத்து உரம் இருக்கிறது, அது மெதுவாகத்தான் வெளியேறும். ஈ.கோலி சீக்கிரம் மாறும். ஆகவே இரண்டையும் வருசத்தில் இரண்டு முறை பாருங்கள். ஒன்று வறட்சியில், மற்றது உரம் போட்டபின் வரும் முதல் பெருமழைக்கு அடுத்த நாள். ஈ.கோலிக்கு ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தலை அலசக் கூடாது, வாயில் கை படக் கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும். நைத்திரேற்றுக்கு எந்தச் சுத்தமான போத்தலும் சரி, அதே தண்ணீரால் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். கடையில் வாங்கும் பரிசோதனைப் பட்டியென்றால், உங்கள் ஊர் மூடுபனியில் டப்பாவைத் திறந்து வைத்தால் பட்டி தானே நிறம் மாறிவிடும், ஒன்றை எடுத்த கையோடு மூடிவிடுங்கள். போத்தலில் திகதி, நேரம், கடைசியாக மழை பெய்த நாள், மேலே கடைசியாக உரம் போட்ட நாள் நான்கையும் எழுதுங்கள். நாலாவதை மரக்கறிக்காரரிடம்தான் கேட்க வேண்டிவரும்.