சவுண்ட்பாரின் எஸ்எம்டி ஐசியை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

கோடை இடிமழைக்குப் பிறகு சவுண்ட்பாரில் ஓசையே இல்லை, போர்டின் மேல்பரப்பிலேயே பற்றவைத்த (எஸ்எம்டி) ஆம்ப்ளிஃபையர் ஐசி போயிருக்கும் என்கிறார்கள், சாதாரண சால்டரிங் அயர்னை வைத்து நானே மாற்றலாமா என்று ஏற்காட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம், ஆனால் அது எந்த ஐசி என்பதைப் பொறுத்தது. அதற்கும் முன்னால், போனது ஐசிதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சேலம் அஸ்தம்பட்டியில் என் மேசைக்கு மலையிலிருந்து வரும் போர்டுகள் பலவற்றில் ஐசி நன்றாகவே இருக்கும். பவர் சப்ளையோ, ஈரத்தில் பச்சைக் களிம்பு பிடித்த கனெக்டரோதான் காரணமாக இருக்கும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அது வடிந்துவிட்டதை மீட்டரில் பார்த்த பின்பே கை வையுங்கள். கிளாஸ் டி (வேகமாக ஆன்-ஆஃப் ஆகி ஓசையை உருவாக்கும்) ஆம்ப்ளிஃபையரில் இன்னொரு குழப்பமும் உண்டு. 24 வோல்ட் சப்ளையில் ஓடும் போர்டில், ஸ்பீக்கரின் இரு முனைகளும் கிரவுண்டிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 12 வோல்ட் காட்டுவது பெரும்பாலும் இயல்பானதே. மீட்டரை இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்தால் சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். இது தெரியாமல் நல்ல ஐசியைக் கழற்றிப் போட்டவர்கள் ஏராளம்.

என்இ5532 போன்ற எட்டுக் கால் ஐசியில் கால்களுக்கு இடையே 1.27 மில்லிமீட்டர் இருப்பதால் அயர்னே போதும். டிபிஏ3118 வகை ஆம்ப்ளிஃபையர் ஐசி அப்படியன்று. 32 கால்கள் 0.65 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கியிருப்பதோடு, அடிவயிற்றில் உள்ள உலோகத் தகடும் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதற்கு ஹாட் ஏர் (சூடான காற்றை ஊதும் கருவி) கட்டாயம் வேண்டும், போர்டை அடியிலிருந்து மிதமாகச் சூடேற்றினால் இன்னும் நல்லது. அதே குடும்பத்து டிபிஏ3116-இல் தகடு மேலே ஹீட்சிங்கைப் பார்த்திருக்கும் என்பதால் கழற்றுவது எளிது.

போர்டில் வழக்கமாக இருக்கும் ஈயமில்லாத சால்டர் உருக ஏறத்தாழ 217 டிகிரி தேவை. 63/37 ஈய சால்டருக்கு 183 டிகிரி போதும். எனவே முதலில் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாக ஓடிப் பிடிக்க உதவும் பசை) தடவி, எல்லாக் கால்களிலும் ஈய சால்டரைச் சேர்த்துக் கலந்துவிட்டால் குறைந்த சூட்டிலேயே விட்டுக்கொடுக்கும். அக்கம்பக்கத்துப் பிளாஸ்டிக் கனெக்டர்களைக் சூடு தாங்கும் காப்டான் டேப்பால் மூடுங்கள். ட்வீசரால் லேசாகத் தொட்டவுடன் ஐசி தானாக நகர்ந்தால் மட்டுமே தூக்குங்கள். நெம்பினால் பேட் (கால் உட்காரும் செப்புத் திட்டு) டிராக்கோடு (அதன் செப்புத் தடத்தோடு) பிய்ந்து வரும், ஐசி போனதை விடப் பெரிய செலவு அதுதான்.

புது ஐசியை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடமே வாங்குங்கள், எழுத்தை அழித்து மாற்றி அச்சடித்த சரக்கு நிறையவே சுற்றுகிறது. உங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் உறையைப் பிரித்து வைக்கவும் வேண்டாம். பிளாஸ்டிக் உடல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, ஹாட் ஏர் பட்டதும் உள்ளுக்குள் விரிசல் விடக்கூடும். விக் (சால்டரை உறிஞ்சும் செப்புப் பின்னல்) கொண்டு பேடுகளைச் சமன் செய்து, ஐபிஏ (ஐசோபுரோப்பைல்) ஆல்கஹாலால் துடைத்து, முதல் காலைக் காட்டும் புள்ளியைச் சரிபார்த்து, எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு காலை மட்டும் பிடிக்க வைத்தபின் மற்றவற்றைப் பற்றவையுங்கள். லென்ஸில் கால்களுக்கு இடையே சால்டர் பாலம் எதுவும் தெரியாவிட்டால், பவர் சப்ளை வழியில் சீரிஸ் பல்பைப் (கோளாறு இருந்தால் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் தொடர் பல்பு) போட்டு, ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்து ஸ்பீக்கர் முனைகளுக்குக் குறுக்கே உள்ள வோல்ட்டை மீண்டும் பாருங்கள். அது சரியாக இருந்தால் முதலில் ஏதேனும் பழைய ஸ்பீக்கரை மாட்டிக் கேளுங்கள்.